பழைய கட்டடத்தில் கலைக்கூடம்: அலமாரியை எங்கே செய்வது, எதில் செய்வது?

பழைய சுவரின் உச்சியில் ஆணியடித்துத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள். நூலுக்கும் சுவருக்கும் இடையே மேலே 30 மி.மீ., கீழே 45, நடுவில் 22 என்று வரும். சுவர் சாய்ந்திருப்பதோடு வயிறும் தள்ளியிருக்கிறது என்று பொருள். தரையில் ரசமட்டம் வைத்தால் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் இரண்டு விரல் இறக்கம் இருக்கும். அலமாரிப் பெட்டியோ நான்கு மூலையும் மட்டமாக இருந்தால்தான் கதவு ஒழுங்காக மூடும். இந்த இரண்டையும் எப்படிச் சமரசம் செய்வது என்பதில்தான் அலமாரி செய்யும் மூன்று வழிகளும் பிரிகின்றன.

கட்டடத்திலேயே வைத்துச் செய்வது

பலகையைக் கொண்டுவந்து இறக்கி, தச்சர் அங்கேயே அறுத்துப் பூட்டுவார். சுவரின் கோணல் எப்படியோ அப்படியே வெட்டிச் சேர்ப்பதால் இடுக்கு தெரியாது. இதன் பலம் இதுதான். பலவீனம் வேலை நடக்கும் நேரத்தில் இருக்கிறது. புதிதாகப் பூசிய சுண்ணாம்புச் சுவர் வாரக்கணக்கில் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதே கூடத்தில் அடுக்கிய மரம் அந்த ஈரத்தைக் குடிக்கும். அலமாரி முடிந்து, கட்டடம் காய்ந்த பிறகு மரம் சுருங்கும், இணைப்புகளில் கோடு விழும். சுவரோடு சேர்த்து அடித்த சட்டத்தைப் பிற்பாடு கழற்றினால் பழைய பூச்சும் பெயர்ந்து வரும்.

ஆயத்தப் பெட்டிகள்

300, 450, 600, 900 என்று நிலையான அகலங்களில் கிடைப்பவை. அலுவலக அறைக்கும் சிற்றுண்டி மூலைக்கும் இவையே போதும். அங்கே தனியாக அளவெடுத்துச் செய்வது வீண் செலவு. கலைப்பொருள் வைக்கும் இடத்தில் உதவாது. ஏ1 தாள் 594 × 841 மி.மீ. 600 மி.மீ. ஆழப் பெட்டியில் பின்பலகை, முன்பலகை, டிராயரின் சொந்தப் பலகைகள் போக மிஞ்சும் ஆழத்தில் அந்தத் தாள் படுக்காது, ஓரம் மடங்கும். உள்ளளவு 650 × 900 தேவை, அதற்கு ஆயத்த அளவு எதுவும் பொருந்தாது.

பட்டறையில் பெட்டி, கட்டடத்தில் ஓரம்

எங்கள் தீர்ப்பு இதற்குத்தான். பெட்டிகளைப் பட்டறையில் துல்லியமாகச் செய்து, சுவரைத் தொடும் ஓரப்பட்டையை மட்டும் கட்டடத்தில் வெட்டிப் பொருத்த வேண்டும். ஆனால் இதில் மூன்று இடங்களில் சறுக்கும்.

முதலாவது, நிமிர்த்துவது. 2400 உயரமும் 600 ஆழமும் உள்ள பெட்டியின் மூலைவிட்டம் 2474 மி.மீ. கூரை 2450-ல் இருந்தால், படுக்கவைத்துக் கொண்டுவந்த பெட்டி எழுந்தே நிற்காது. கணக்குப் பார்க்காமல் செய்துவிட்டு, வாசலில் வைத்து அறுக்கும் கூத்து அடிக்கடி நடப்பது. பெட்டி உட்காரும் அடிச்சட்டத்தை 100 மி.மீ. உயரத்தில் தனியாகச் செய்தால் பெட்டி 2300 ஆகும், மூலைவிட்டம் 2377, தாராளமாக நிமிரும். மாடிப்படியின் திருப்பத்தையும் இதேபோல் முன்கூட்டியே அளந்துவிடுங்கள்.

இரண்டாவது, மட்டம். தரையின் மிக உயர்ந்த புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்துதான் அடிச்சட்டத்தை மட்டம் பார்க்க வேண்டும். பள்ளத்தில் தொடங்கினால் மேட்டில் சட்டத்தைச் செதுக்க வேண்டிவரும். திருகும் கால்கள் அல்லது கடினமரத்தில் ஜோடி ஆப்பு, இரண்டும் நல்லவை. தரை வேலை முழுதாக முடிந்த பிறகே இறுதி அளவு எடுக்க வேண்டும்.

மூன்றாவது, ஓரப்பட்டை. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள மிக அகலமான இடைவெளியைவிடப் பட்டை 10 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். தூக்குநூல் மட்டத்தில் நிமிர்த்தி, சுவரின் வயிற்றைத் தொடும்படி பிடியுங்கள். காம்பஸை, பட்டைக்கும் சுவருக்கும் இடையே எங்கே அதிக இடுக்கு இருக்கிறதோ அந்த அளவுக்குத் திறந்து, ஒரு முனை சுவரை உரசியபடி மேலிருந்து கீழ்வரை இழுங்கள். சுவரின் நெளிவு பென்சில் கோடாகப் பட்டையில் இறங்கிவிடும். ஜிக்சாவைச் சற்றுச் சாய்த்து, பின்பக்கம் உள்வாங்குமாறு அறுத்தால், முன்விளிம்பை மட்டும் இழைப்புளியால் ஒரு சீவல் எடுத்துப் பொருத்தலாம். பிறகு பட்டையைச் சுவரில் ஒட்டிப் பிடித்து, பெட்டி விளிம்பை அதில் குறித்து, நேர்ப்பக்கத்தை வெட்டுங்கள். இடுக்கை சிலிக்கான் போட்டு அடைப்பது இதற்கு மாற்று ஆகாது, 5 மி.மீ.க்கு மேல் போனால் கோடு அசிங்கமாகத் தெரியும், அழுக்கும் பிடிக்கும்.

பழைய வேலைப்பாட்டை அச்சு அசலாகப் பார்த்துச் செய்ய வேண்டுமா என்ற கேள்வியும் எழும். தவிர்க்க முடியாமல் சேர்க்கும் புதுவேலை தனித்துத் தெரிய வேண்டும் என்று பழஞ்சின்னங்களைப் பாதுகாப்பதற்கான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் 9-ஆம் பிரிவில் சொல்கிறது. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் போலி வளைவுகளைக் கடைந்து ஒட்டுவதைவிட எளிய நேர்க்கோட்டு அலமாரி பழைய வளைவுக்கு மரியாதை.

சுவரில் ஒட்டவா, விலக்கவா

வெளிச்சுவரென்றால் விலக்குங்கள், குறைந்தது 25 மி.மீ. அடிச்சட்டத்திலும் மேலேயும் 20 மி.மீ. பிளவு விட்டால் காற்று பின்னால் ஏறும். இல்லாவிட்டால் குளிர்ந்த சுவரில் ஈரம் படிந்து, பின்பலகையில் பூஞ்சை பிடிக்கும். வாசனை வரும்போதுதான் தெரியும். ஓதம் எங்கிருந்து என்று அறிய, பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நனைந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் நனைந்தால் அறைக்காற்றில் இருக்கிறது. உப்புப் பூத்த சுவரில் மின்முனை ஈரமானியை நம்பாதீர்கள், உப்பு அதன் எண்ணை ஏற்றிக்காட்டும். ஓதத்தை மறைக்க சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும்.

பிளைவுட், எம்டிஎஃப், மரம்

கனமான ஓவியப் புத்தகங்கள் ஒரு மீட்டருக்கு 35 கிலோ என்று வையுங்கள். 18 மி.மீ. தடிமனும் 300 ஆழமும் உள்ள எம்டிஎஃப் தட்டு 600 மி.மீ. நீளத்தில் ஏறக்குறைய 1.3 மி.மீ. தொய்யும். 900 நீளத்தில் கிட்டத்தட்ட 6.7 மி.மீ. நீளம் ஒன்றரை மடங்குதான், தொய்வு ஐந்து மடங்கு. தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதுதான் காரணம். மாதங்கள் போகப் போக இது இன்னும் கூடும். அதே 900-ல் நல்ல பிளைவுட் 3 மி.மீ.க்குள் நிற்கும். முன்விளிம்பில் 40 மி.மீ. உயர மரப்பட்டை ஒட்டினால் தொய்வு நன்றாகக் குறையும்.

எம்டிஎஃப்புக்கும் இடம் உண்டு: பெயின்ட் அடிக்கும் கதவு. மேற்பரப்பு வழுவழுப்பு, நரம்பு தெரியாது. ஆனால் வெட்டிய விளிம்பு நீரில் ஊறினால் உப்பிப் பெருக்கும், காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. களிமண் அறைக்கும் தொட்டிக்கும் பக்கத்தில் அதைக் கொண்டுபோகக் கூடாது. முழுமரத்தை மேசைப் பலகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 600 அகலப் பலகை, ஈரம் 4 சதவீதம் மாறினால் 4, 5 மி.மீ. விரியும் அல்லது சுருங்கும். அதனால் நீள்துளையில் ஸ்க்ரூ போட்டு அசைய விட வேண்டும். இறுக்கினால் நடுவில் வெடிக்கும்.

படைப்புகளை வைக்கும் அறையில் மட்டும்

மேலே சொன்ன எல்லா மரச்சரக்கும் இங்கே தோற்கும். மரமும் பலகைப் பசையும் அமில ஆவியை விடும். ஓக் அதில் மோசமானது. 1973-ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஓடி (Oddy) என்பவர் உருவாக்கிய சோதனை இதற்காகவே: பொருளைச் சற்று நீருடன் மூடிய குடுவையில், வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடு 60 டிகிரியில் 28 நாள் வைத்து, எந்தத் தகடு அரிபடுகிறது என்று பார்ப்பார்கள். தூள்பூச்சு எஃகு டிராயர்தான் இங்கே சரி, உயரம் 50 மி.மீ. போதும். அழகுக்காக மரம் வேண்டுமென்றால் வெளிமுகப்பில் மட்டும் ஒட்டுங்கள்.

வரவேற்பு மேசை

ஒரே 1100 மி.மீ. உயரத்தில் செய்தால் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் குழந்தைக்கும் அது ஒரு சுவர். 900 மி.மீ. அகலத்துக்காவது ஒரு பகுதியை 760-க்கு இறக்கி, அடியில் முழங்கால் நுழைய 700 விட்டு, முன்னால் 1500 விட்டமுள்ள வட்டத்தில் நாற்காலி திரும்ப இடம் வையுங்கள். உயரமான அலமாரிகள் சாயாதிருக்கச் சுவரில் பிடிக்கும்போது விரியும் ஆணியைத் தவிர்க்கவும். பழைய மென்செங்கல் பிளந்துவிடும். பசை ஊற்றிப் பதிக்கும் கம்பியே நல்லது, அதையும் சாந்து இடுக்கில் இல்லாமல் செங்கல் நடுவில் துளைத்துப் பதியுங்கள்.