சுரைக்காயா, பீர்க்கங்காயா, புடலங்காயா: வெயில் காலத்துக்கு எது கட்டுப்படியாகும்?

சித்திரை பொறந்தாலே பீன்ஸ், கேரட் பக்கம் போக முடியறதில்ல. போன வாரம் கால் கிலோ பீன்ஸுக்குக் கடைக்காரர் சொன்ன விலையக் கேட்டுட்டு, அதே காசுக்கு ரெண்டு சுரைக்காயத் தூக்கிட்டு வந்துட்டேன். ஊட்டி, கொடைக்கானல்லேர்ந்து இறங்குற காய்க்கு வெயில்ல விலை ஏறும், தை மாசத்துல விதை போட்ட கொடிக்காய் இப்பத்தான் காய்ச்சுக் கொட்டும். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு இதுல எது லாபம்?

மலிவுன்னு பாத்தா சுரைக்காய்தான், போட்டியே இல்ல. ஒரே காய் இன்னிக்குக் கூட்டு, நாளைக்கு சாம்பார். அரை கப் பாசிப்பருப்ப (100 கிராம் வரும்) முக்கால் பதம் வேகவச்சு சுரைக்காயப் போட்டு மூடிருங்க, தண்ணி மட்டும் ஊத்திராதீங்க, காயே 95 சதவீதம் தண்ணிதான், நான் முதல் தடவ ஊத்திட்டு ரசம் மாதிரி ஆகி, அன்னிக்கு அத ரசம்னே பரிமாறினேன். தேங்காய், சீரகம், பச்சமிளகா அரைச்சு விட்டு ஒரு கொதி, தாளிப்பு, அவ்ளோதான். பருப்புலேர்ந்து மட்டும் 24 கிராம் புரதம், ஆளுக்கு 6. வாங்கறப்ப நகத்தால லேசா கீறிப் பாருங்க, இறங்கலன்னா முத்தல், கடைக்காரர் முறைச்சாலும் பரவால்ல.

பீர்க்கங்காய் வதக்கினா ஒரு கைப்பிடி ஆயிரும், அரை கிலோ வாங்கியும் பத்தாது, அதான் கடுப்பு. ஆனா தோல் இருக்கே! நுனி நார மட்டும் சீவிட்டு, தோல காஞ்ச மிளகா, உளுத்தம்பருப்பு, துளி புளியோட வதக்கி அரைச்சா துவையல். குப்பைக்குப் போறது இன்னொரு பதார்த்தமாயிருது, அந்தக் கணக்குல சுரைக்காய நெருங்கிருது.

இந்த ரெண்டுலயும் நறுக்கினதும் ஒரு துண்டு வாயில போட்டுப் பாத்துருங்க. கசந்தா முழுசாத் தூக்கிப் போடுங்க, அந்தக் கசப்பு விஷம், வேகவச்சாலும் போகாது.

புடலங்காய் பொரியலுக்கு நல்லாத்தான் இருக்கும், எண்ணெயும் அதிகம் கேக்காது. நீளமானது பையில மடங்கி உடைஞ்சு, ரெண்டே நாள்ல வாடிரும், குட்டைப் புடலைன்னா வாங்கலாம்.

எங்க வீட்ல இன்னிக்கு சுரைக்காய் கூட்டு, பீர்க்கங்காய்த் தோல் துவையல், சாதம், மோர். புடலங்காய வாங்கல, பையன் தொடவே மாட்டேங்கறான்.