விரிவுரையா, தினம் ஒரு சிக்கலா, சுரண்டும் அட்டையா?

முதலாண்டு மாணவருக்குப் பாடமும் ஏற வேண்டும், 'நானும் இந்த இடத்துக்கு உரியவன்தான்' என்ற எண்ணமும் வர வேண்டும். இதற்கு எந்த முறை நல்லது? இங்கே சிங்கப்பூரில் பகுதிநேரமாகப் பாடம் எடுக்கும் எங்களுக்குள் காப்பிக்கடையில் ஓயாத சண்டை இது. விரிவுரை, சிக்கல்வழிக் கற்றல், குழுவழிக் கற்றல் என்ற மூன்று முறைகளையும் நடத்திப் பார்த்தவன் என்பதால் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்.

விரிவுரையைத் திட்டுவது இப்போது நாகரிகம். ஆதாரமும் இருக்கிறது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை 2014இல் அமெரிக்க ஆய்வாளர் ஃப்ரீமன் குழுவினர் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் விரிவுரை வகுப்புகளில் 33.8 விழுக்காட்டினர் தோற்றிருந்தார்கள். மாணவர்களைச் செயலில் இறக்கிய வகுப்புகளில் 21.8. ஆனாலும் ஒரு துறையின் வரைபடத்தை ஒரு மணி நேரத்தில் விரித்துக்காட்ட நல்ல விரிவுரைக்கு ஈடில்லை. சிக்கல் வேறிடத்தில். பதின்மூன்று வாரமும் வந்து போன மாணவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரரின் பெயர்கூடத் தெரியாது.

இதற்கு நேரெதிர், சிக்கல்வழிக் கற்றல். 1969இல் கனடாவின் மெக்மாஸ்டர் மருத்துவக் கல்லூரியில் பிறந்தது. 2002இல் தொடங்கிய நமது ரிபப்ளிக் பாலிடெக்னிக், 'ஒரு நாள், ஒரு சிக்கல்' என்றே இதனால் பெயர் வாங்கியது. காலையில் சிக்கல், நடுவில் தேடல், மாலைக்குள் குழுவே எழுந்து நின்று விளக்க வேண்டும். வாய் திறக்காமல் தப்ப முடியாது என்பது இதன் பலம். ஆனால் நான் பார்த்தவரை, வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும். கூச்சப்படும் பிள்ளை நாள் முழுக்க ஸ்லைடுக்கு நிறம் மாற்றிக்கொண்டிருக்கும். "சார், நீங்களே சொல்லிக் குடுத்துடுங்களேன்" என்ற கெஞ்சலும் ஓயாது. அதை அப்படியே நம்பிவிடக் கூடாது: ஹார்வர்டில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் அதிகம் கற்றிருந்தும் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள்.

என் ஓட்டு மூன்றாவதுக்கு, அதாவது குழுவழிக் கற்றலுக்கு. 1970களின் இறுதியில் அமெரிக்காவின் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லாரி மைக்கேல்சன் உருவாக்கியது; 2013இல் தொடங்கிய லீ காங் சியான் மருத்துவப் பள்ளி இதையே அச்சாணியாக வைத்துக்கொண்டது. வீட்டிலேயே படித்துவிட்டு வர வேண்டும். முதலில் தனித்தேர்வு. பிறகு அதே கேள்விகளுக்கு ஐந்தாறு பேர் கொண்ட குழு கூடிப் பேசி ஒரே விடை சொல்ல வேண்டும், சுரண்டும் அட்டையில். (சுரண்டல் அட்டை என்றால் பொருளே வேறாகிவிடும்.) சரியான கட்டத்தைச் சுரண்டினால் நட்சத்திரம் தெரியும், தவறினால் மதிப்பெண் குறையும், மறுபடி சுரண்டலாம்.

என் வகுப்பில் ஒரு குழுவில் நால்வர் ஜேசி (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஜூனியர் காலேஜ்) வழி வந்தவர்கள், ஒருத்தி மட்டும் பாலி (பாலிடெக்னிக்) வழி வந்தவள். ஏழாம் கேள்விக்கு அவள் மெல்ல "சி" என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை. 'ஏ'யைச் சுரண்டினார்கள், வெறுமை. 'டி', அதுவும் வெறுமை. நாணயம் நின்றது, எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். 'சி'யில் நட்சத்திரம். அடுத்த கேள்விக்கு, "நீ என்ன போட்ட?" என்று முதலில் அவளிடம்தான் கேட்டார்கள். என் அறிவுரை எதுவும் இதைச் செய்திருக்காது.

ஒரு நிபந்தனை உண்டு. குழுவை ஆசிரியர்தான் பிரிக்க வேண்டும், பருவம் முழுக்கக் கலைக்கக் கூடாது. விருப்பம்போல் சேரச் சொன்னால் ஜேசி நண்பர்கள் ஒரு மூலை, பாலிக்காரர்கள் ஒரு மூலை, நம் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு மூலை. என்டியூவின் (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின்) 'ஹைவ்' கட்டடத்து வகுப்பறைகளில் மூலையே கிடையாது, வட்டமாகக் கட்டியிருக்கிறார்கள். அங்கும் மூலை பிடிக்க நம் பிள்ளைகளுக்குத் தெரியும்! செலவையும் சொல்ல வேண்டும்: பத்து நல்ல கேள்வி எழுத எனக்கு ஒரு வார இறுதி போய்விடுகிறது, பகுதிநேரக்காரருக்கு அதற்குச் சம்பளம் கிடையாது.

முந்நூறு பேர் அரங்கில் அட்டைக்கெல்லாம் வழியில்லை. அங்கே ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991 முதல் செய்துவரும் வேலையை நடுநடுவே செருகலாம்: ஒரு கேள்வி, தனியாக ஒரு வாக்கு, பக்கத்தில் இருப்பவரோடு வாதம், மறுபடி வாக்கு. பத்து நிமிடம்கூட ஆகாது. வாதத்துக்கு முன்னால் பெயரைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.