புல் தின்ற மாடு, சோளம் தின்ற மாடு: கொழுப்பில் என்ன வித்தியாசம்?

அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் இரண்டு பாக்கெட் மாட்டுக்கறி அடுத்தடுத்து இருக்கும். ஒன்றில் 'புல் தின்று வளர்ந்தது' என்று பச்சை லேபிள், விலையும் கூடுதல். இன்னொன்றில் அப்படி எதுவும் இருக்காது. அந்தக் கூடுதல் காசு எதற்கு?

எந்த மாடும் பிறந்ததிலிருந்து சோளம் தின்பதில்லை. கன்றாக இருக்கும் ஆறேழு மாதம் எல்லாமே தாயோடு மேய்ச்சலில்தான். கடைசிக் கட்டத்தில்தான் வழி பிரிகிறது. பெரும்பாலானவற்றை ஃபீட்லாட் என்னும் தீவனப் பட்டியில் அடைத்து, நான்கு முதல் ஆறு மாதம் மக்காச்சோளம் போட்டுக் கொழுக்க வைக்கிறார்கள். ஒன்றரை வயது வாக்கில் வெட்டுக்குத் தயார். மேய்ச்சலிலேயே விடப்பட்ட மாடு அந்த எடைக்கு வர இரண்டு வருடம் பிடிக்கும், சில சமயம் அதற்கு மேலும். விலை ஏறுவது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பால்தான்.

லேபிளை அப்படியே நம்பவும் முடியாது. புல் தின்ற கறிக்கு அமெரிக்க வேளாண் துறை வைத்திருந்த விற்பனைத் தர வரையறையை 2016 ஜனவரியில் அதுவே திரும்பப் பெற்றுக்கொண்டது. கடைசிவரை புல்தானா என்று விசாரித்து வாங்குவது நல்லது. 'அர்ஜென்டினா கறி என்றால் பம்பாஸ் புல்வெளிக் கறி' என்ற நினைப்பும் பழசு. அங்கே மேய்ச்சல் நிலத்தின் நல்ல பகுதியை சோயா பிடித்துக்கொண்டது, பட்டிகளும் பெருகிவிட்டன.

சரி, கொழுப்புக்கு வருவோம். பச்சைப் புல்லில் ஒமேகா-3 என்னும் நிறைவுறாக் கொழுப்பு வகை அதிகம், மக்காச்சோளத்தில் ஒமேகா-6 என்னும் இன்னொரு வகை. கோழிக்கு ஆளி விதை போட்டால் முட்டையில் ஒமேகா-3 ஏறுவது நன்றாகவே தெரியும். மாட்டிடம் அந்தக் கணக்கு அவ்வளவாகச் செல்லாது. அதன் வயிற்றின் முதல் அறையில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள், உள்ளே வரும் நிறைவுறாக் கொழுப்பில் பெரும்பகுதியை ஸ்டீரிக் அமிலம் போன்ற நிறைவுற்ற கொழுப்பாக மாற்றிவிடும். எதைத் தின்றாலும் மாட்டுக்கொழுப்பு ஆறினால் மெழுகாக உறைவது இதனால்தான். தப்பிப் பிழைக்கும் கொஞ்சத்தில்தான் புல்லுக்கும் சோளத்துக்கும் போட்டி.

அந்தக் கொஞ்சத்தில் புல் ஜெயிக்கிறது. ஒமேகா-6, ஒமேகா-3 விகிதம் புல் மாட்டில் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும், சோள மாட்டில் ஏழுக்கு ஒன்றைத் தாண்டுவதும் உண்டு. விளம்பரங்கள் பிடித்துக்கொள்வது இந்த எண்ணைத்தான். எனக்கு இது கண்கட்டு வித்தையாகத்தான் படுகிறது. விகிதம் பெரிது, அளவு சிறிது. நூறு கிராம் புல் மாட்டுக்கறியில் ஒமேகா-3 சில பத்து மில்லிகிராம்தான் தேறும், மத்தி மீனில் சுமார் ஒரு கிராம் இருக்கும். ஒமேகா-3 வேண்டுமென்றால் மீன்கடைக்குப் போக வேண்டியதுதான்.

புல்லுக்கு வேறு பெருமைகளும் உண்டு. அதிலுள்ள பீட்டா கரோட்டினால் கொழுப்பு லேசாக மஞ்சளிக்கும். பழசு என்று பயந்து ஒதுக்க வேண்டாம். வைட்டமின் ஈ கூடுதலாக இருப்பதால் கொழுப்பு சீக்கிரம் காறாது.

சோளத்தின் பலம் வேறு. சதைக்குள் வெள்ளை நரம்பு ஓடுவது போலக் கொழுப்பு படர்வதை மார்பிளிங் என்பார்கள். அமெரிக்காவில் பிரைம், சாய்ஸ் என்று தரம் பிரிக்கும்போது முக்கியமாகப் பார்ப்பது இதைத்தான். அந்தக் கொழுப்பில் ஓலிக் அமிலமும் கூடுதல். நம் கடலை எண்ணெயில் நிறைய இருப்பது இதே ஓலிக் அமிலம்தான். அதனால் கொழுப்பு குறைந்த சூட்டிலேயே உருகும், நாக்கில் மெத்தென்று இருக்கும்.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஜப்பானியர்கள். வாக்யு மாட்டை இரண்டரை வயது வரைக்கும் தானியமும் வைக்கோலும் கொடுத்து வளர்க்கிறார்கள். மார்பிளிங் கூடுவதற்காகத் தீவனத்தில் வைட்டமின் ஏ-வைக் குறைத்து வைக்கும் பழக்கமும் உண்டு. அளவு தப்பினால் மாட்டுக்குக் கண் தெரியாமல் போய்விடும். அந்த ருசிக்குப் பின்னால் இப்படி ஒரு விஷயம் இருப்பது எனக்கு உறுத்துகிறது. ஆனால் வாக்யுவின் மென்மைக்குத் தீவனம் மட்டும் காரணமில்லை. அந்த இனத்தின் ரத்தத்திலேயே அது இருக்கிறது, வேறு மாட்டுக்கு அதே தீவனம் போட்டால் அது வராது.

வாசனையில் என் ஓட்டு புல்லுக்கு. பச்சை வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பழகியவர்களுக்கு அதுதான் கறியின் மணம். ஸ்டேக் போடுவதாக இருந்தால் மட்டும் அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கொழுப்பு குறைவு என்பதால் சீக்கிரம் வெந்து, கண் அசந்தால் செருப்புத்தோல் ஆகிவிடும். சோள மாடு அந்தக் கவனக்குறைவை மன்னிக்கும்.

குழம்புக்கு என்றால் பச்சை லேபிளுக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். நெஞ்சுக்கறியோ கால்கறியோ வாங்கி, மிளகு தட்டிப் போட்டு இரண்டு மணி நேரம் சிறுதீயில் விட்டுவிடுங்கள். அப்புறம் மாடு எதைத் தின்றது என்று உங்கள் வீட்டில் யாராலும் சொல்ல முடியாது.