உச்சிப்புளியிலிருந்து மதுரைக்கு: பஸ்ஸா, பாசஞ்சரா?

அம்மாவை மாதம் ஒருமுறை மதுரையில் இதய டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊர் உச்சிப்புளியிலிருந்து 120 கி.மீ.க்கு மேல். ஒரு வருடம் பஸ்ஸில் போனோம், இப்போது பாசஞ்சர் ரயில். ஒளிக்க ஒன்றுமில்லை, நான் ரயில் கட்சி.

கட்டணத்தில் ரயில்தான் மலிவு. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சரிலும் குறைந்தபட்சம் 30 ரூபாய் வாங்கினார்கள். 2024 பிப்ரவரியில் அது பழையபடி 10 ரூபாய்க்கு இறங்கியது. மற்றதெல்லாம் பஸ்ஸுக்குச் சாதகம். ஒன்றை விட்டால் அடுத்தது வரும். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிர்வண்டிக்காகக் காத்துக் கிடக்க வேண்டாம். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எங்கள் ஆஸ்பத்திரி பக்கம். ரயில் என்றால் ஜங்ஷனிலிருந்து ஆட்டோ. காலை பாசஞ்சரை விட்டுவிட்டாலோ, அன்றைக்கு டாக்டரைப் பார்த்த மாதிரிதான்.

அப்புறம் ஏன் ரயில்? கழிப்பறைக்காக.

அம்மாவுக்குக் காலையில் நீர் மாத்திரை உண்டு, உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்ற. போட்டால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு அடிக்கடி போயாக வேண்டும். பஸ்ஸில் என்ன செய்வது? ஒருமுறை பரமக்குடி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் சொல்லிவிட்டு இறக்கினேன். கட்டணக் கழிப்பறை வாசலில் வரிசை. அங்கே டிரைவர் ஹாரன் அடிக்கிறார், இங்கே அம்மா பாதியிலேயே சேலையைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறாள். எழுபது வயதில். அதற்குப் பிறகு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள்: மதுரைக்குப் போகிற நாளில் மாத்திரை கிடையாது, தண்ணீரும் கிடையாது. எனக்கு இது தெரியாது. கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டபோதுதான், "பஸ்ல எப்படிப்பா..." என்று இழுத்தாள். டாக்டரைப் பார்க்கப் போவதற்காகவே மருந்தை விட்டிருக்கிறாள்!

ரயிலில் கழிப்பறைக்குப் பக்கத்து இருக்கையாகப் பார்த்து உட்கார்கிறோம். நாற்றம் இருக்கும்தான். குழாயில் தண்ணீர் வராத நாளும் உண்டு, அதற்கென்று இரண்டு லிட்டர் பாட்டில் தனியாக எடுத்துப்போகிறேன். ஓடும் வண்டியில் வயதானவர்கள் தனியாகப் போகக்கூடாது. கதவுவரை கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வெளியே நிற்பேன். உள்ளே தாழ் போட வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பெட்டியின் படிதான் அவளுக்கு உயரம். நான் முதலில் ஏறி மேலிருந்து தூக்கிவிட வேண்டும், வண்டி நிற்பதோ கொஞ்ச நேரம்.

இடம் கிடைப்பது நாளைப் பொறுத்தது. 2022 டிசம்பரில் ராமேஸ்வரம் போகும் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தியபின், மண்டபத்திலிருந்து கிளம்பிய வண்டிகள் எங்கள் ஊருக்குக் காலியாகவே வரும். 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்தார்கள். இப்போது ராமேஸ்வரத்திலேயே ஏறிவிடுகிறார்கள். ஊருக்கு நல்லது, எங்களுக்கு ஜன்னலோரம் போச்சு.

காரில் போகலாமே என்பார்கள். மாதாமாதம் கட்டுப்படியாகாது. கழிப்பறை உள்ள சொகுசு பஸ்ஸில் நாங்கள் போனதில்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன். மாத்திரை போடாதவர்களுக்கு, தனியாகப் போகிறவர்களுக்கு, பஸ்ஸே போதும்.

திரும்பும்போது நாங்களும் பஸ்தான். ஒரு மணிக்கெல்லாம் டாக்டர் விட்டுவிடுவார், மாத்திரையின் வேகமும் அடங்கியிருக்கும். மாலை ரயிலுக்காக ஜங்ஷனில் அவளை உட்கார வைக்க மனம் வரவில்லை. ஆனாலும் ஏறுவதற்கு முன் ஆஸ்பத்திரியிலேயே ஒருமுறை போய்வந்துவிடுவாள்.

ஆடி, தை அமாவாசை சமயத்தில் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் குளிக்க வரும் கூட்டம் கழிப்பறை வாசல்வரை மூட்டையோடு உட்கார்ந்திருக்கும். அதனால் டாக்டரிடம் அடுத்த தேதி வாங்கும்போது அம்மா தன் பையிலிருந்து பாக்கெட் காலண்டரை எடுத்துவிடுகிறாள்.