மகளிரியல் முதுகலை: திருச்சி விடுதியா, வீட்டிலிருந்து இக்னோவா, வேலூரிலேயே வேறு பாடமா?

குடியாத்தத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார். ஊறிய இலையை அளவாக வெட்டி, புகையிலைத்தூளைப் பரப்பி, உருட்டி, நூலால் கட்டி, நுனியை நகத்தால் மடித்துவிடுவார். 25 பீடி ஒரு கட்டு. 1000 பீடி சுற்றி முடிக்காமல் அவருக்கு அந்த நாள் முடியாது. நடுவே சமையலும் தண்ணீர் பிடிப்பதும் பாட்டியைக் கவனிப்பதும். ஒருநாள் கணக்கெடுக்க வந்தவர், "அம்மா என்ன செய்கிறார்?" என்று கேட்டார். "வீட்டில்தான் இருக்கிறார்" என்றார் அப்பா. அம்மாவும் தலையாட்டினார்.

நானும் தங்கையும் மகளிரியல் படிக்கப் போனதற்கு அந்தத் தலையாட்டல்தான் காரணம். நான் வேலைக்குப் போய்க்கொண்டே இக்னோவில், அதாவது அஞ்சல்வழி படிக்கவைக்கும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், படித்தேன். தங்கை திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் விடுதியில் தங்கிப் படித்தாள். இப்போது பட்டப்படிப்பை முடித்திருக்கும் எதிர்வீட்டுப் பெண், "அக்கா, எதில் சேரட்டும்?" என்று கேட்கிறாள். அவளிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் வழி. இக்னோவின் மகளிர் மற்றும் பாலினவியல் முதுகலை இரண்டு ஆண்டுப் படிப்பு. நான்கு ஆண்டுகளுக்குள் முடித்தால் போதும். சம்பளம் நிற்காது, வீட்டில் சண்டை வராது, செலவும் குறைவு. பாடநூல்கள் நன்றாக எழுதப்பட்டவை. ஆனால் ஆங்கிலத்தில் இருந்ததால் முதல் ஆறு மாதம் அகராதியும் கையுமாக உட்கார்ந்தேன். இரவு ஒன்பது மணிக்குமேல் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, ஊதியமில்லாத வீட்டு உழைப்பைப் பற்றி ஒப்படைப்பு எழுதியிருக்கிறேன். புரியாத இடங்களைக்கூடத் திரும்பத் திரும்பப் படித்துத் தேற்றிக்கொண்டேன். படித்ததை எடுத்துப் போட்டு மல்லுக்கு நிற்க ஓர் ஆள் இல்லையே என்பதுதான் கடைசிவரை தீராத குறையாக இருந்தது. பெண்ணியக் கோட்பாடு மனப்பாடம் செய்யும் பாடமன்று. ஒருத்தி சொல்வதை இன்னொருத்தி மறுக்கும்போதுதான் அது பிடிபடும்.

தங்கைக்கு அது கிடைத்தது. வகுப்பில் ஒருநாள், 'பெண்கள் எல்லோருக்கும் ஒரே துன்பம்' என்று ஒரு மாணவி சொல்ல, சேரியிலிருந்து வந்த மற்றொரு மாணவி எழுந்து, தன் தாய் வேலை செய்த வீட்டின் அம்மாவுக்கும் தன் தாய்க்கும் ஒரே துன்பமா என்று கேட்டாளாம். அன்று பாடம் நடக்கவில்லை, வாக்குவாதம்தான். சாதியும் வர்க்கமும் பாலினமும் ஒரே உடம்பில் எப்படி வந்து சேர்கின்றன என்பதை நான் பத்துப் பக்கம் படித்துத் தெரிந்துகொண்டேன். அவள் ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்டாள்.

களப்பணிக்கு அவள் எங்கள் தெருவுக்கே வந்தாள். வீடு வீடாகப் போய் யார் என்ன வேலை செய்கிறார் என்று அரசு கேட்டெழுதும் தேசிய மாதிரி ஆய்வில், வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92 என்று ஓர் எண் உண்டு. பீடி சுற்றும் பெண்ணை உழைப்பவர் என்ற எண்ணில் எழுத வேண்டும். கேட்பவர் சரியாகக் கேட்காவிட்டால், பதில் சொல்பவர் அப்பாவாக இருந்துவிட்டால், அந்தப் பெண் 92-இல் போய் விழுந்துவிடுவார். தங்கை ஒரு தாளில் நாளை அரைமணி அரைமணியாகக் கட்டம் போட்டு அம்மாவிடம் கேட்டுக் கேட்டு நிரப்பினாள். பதினாறு மணி நேரத்துக்குமேல் வந்தது. அம்மா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதெல்லாமா வேலை?" என்றார்.

இந்தியாவில் இந்தத் துறைக்கு அடித்தளம் இட்டதும் இப்படி எண்ணிப் பார்த்த வேலைதான். 1971-இல் அமைக்கப்பட்ட பெண்களின் நிலை பற்றிய குழு 1974-இல் அறிக்கை தந்தது. 1901-இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 ஆக இருந்த பெண்கள் 1971-இல் 930 ஆகக் குறைந்திருப்பதை அது நாட்டின் முன் வைத்தது. அதே 1974-இல் மும்பை எஸ்.என்.டி.டி. பல்கலைக்கழகத்தில் மகளிரியல் ஆய்வு மையம் தொடங்கியது.

வேலூரிலேயே ஆங்கில இலக்கியம் எடுத்து, அதில் வரும் பெண்ணியத் தாளைப் படிப்பது மூன்றாவது வழி. என் தோழி அப்படித்தான் படித்தாள். வாசிக்கும் திறமையில் அவளுக்கு நாங்கள் இருவரும் ஈடில்லை. ஆனால் அவளுடைய பாடத்தில் பெண்ணியம் ஐரோப்பாவிலேயே தொடங்கி ஏறக்குறைய அங்கேயே முடிந்தது. பெண் எழுத வேண்டுமானால் அவளுக்குப் பணமும் ஓர் அறையும் வேண்டும் என்று ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் எழுதிய 1929-ஐ அவள் அறிவாள். அதே 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை 1989-இல்தான் வந்தது. அதற்குமுன் மணமாகிப் போனவர்களுக்கு அதிலும் இல்லை. என் அத்தைகள் இருவர் அப்படி விடுபட்டவர்கள்.

சமூகப்பணி முதுகலையைப் பற்றி ஒரு வார்த்தை. கோட்பாடு குறைவு, களப்பணி நிறைய. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான சகி மையம் போன்ற இடங்களுக்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகளில் நான் அதிகம் பார்த்தது இந்தப் பட்டத்தைத்தான். வீட்டுக்கு உடனே சம்பளம் வேண்டுமென்றால் தயங்காமல் இதில் சேரலாம். மகளிரியலுக்கு, கல்லூரி ஆசிரியராவதற்கான நெட் தகுதித் தேர்வு உண்டு, முனைவர் பட்டம் வரை வழி உண்டு. ஆனால் ஆசிரியப் பணியிடங்கள் மிகக் குறைவு. இதை மறைத்து யாரையும் சேர்த்துவிடக் கூடாது.

என் தேர்வைக் கேட்டால், இருபத்தோரு வயதில் ஒரு பெண்ணுக்கு நேரடி வகுப்புதான். திருச்சி, காரைக்குடி அழகப்பா, கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம், எதுவானாலும் சரி. இக்னோ நாற்பதிலும் காத்திருக்கும். வயதொத்தவர்களோடு விடுதியில் விடிய விடியப் பேசும் இரண்டு ஆண்டுகள் காத்திருக்கமாட்டா. "வெளியூரில் பெண்ணை விடுவதா?" என்று எதிர்வீட்டு அப்பா கேட்டார். அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918-இல் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, ஊர் பேர் தெரியாத இந்த ஊருக்குத் தங்கள் பெண்களை அனுப்பிவைத்த அப்பாக்களைப் பற்றி அவரிடம் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார். விண்ணப்பம் திருச்சிக்கும் போகிறது, சமூகப்பணிக்கும் போகிறது.

தங்கையின் அந்தக் கட்டம் போட்ட தாளை எதிர்வீட்டுப் பெண் என்னிடம் வாங்கிப் போனாள். அவள் அம்மாவும் பீடி சுற்றுகிறவர்தான். நேற்று மாலை இருவரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். விடியற்காலை நாலரை மணிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.