தெருமுனை மீட்டிங்கா, ஊர் தாண்டிய மீட்டிங்கா?

குடியை நிறுத்த ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியிலிருந்து மீள விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு) கூட்டத்துக்குப் போவது என்று முடிவெடுத்தவருக்கு அடுத்து வரும் கவலை, குடியிலிருந்து மீள அங்கே சொல்லித்தரும் பன்னிரண்டு படிகளைப் பற்றியது அல்ல. "அங்கே யாராவது நம்மைப் பார்த்துவிட்டால்?" என்பதுதான். அதனால்தான் அம்பத்தூர்க்காரர் அடையாறில் கூட்டம் தேடுகிறார். நானும் அப்படித்தான். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு குரூப் இருக்க, இரண்டு பஸ் மாறிப் போனேன்.

தூரத்துக் கூட்டத்தில் ஒரு நிம்மதி இருந்தது உண்மை. யாருக்கும் என் தெரு தெரியாது, அண்ணன் யார் என்று தெரியாது. கூச்சமில்லாமல் பேச முடிந்தது. ஆனால் கூட்டம் ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியும். டாஸ்மாக் மூடுவதோ பத்து மணிக்கு. திரும்பும் வழியில் பஸ் மாறுகிற இடத்தில் ஒரு கடை. மழை பெய்தால், பஸ் வராவிட்டால், அன்றைக்கு ஆபீசில் யாராவது திட்டியிருந்தால், அந்த இருபது நிமிடக் காத்திருப்பு போதும். ஐந்தாவது வாரம் அங்கேதான் சறுக்கினேன்.

பக்கத்துக் கூட்டத்துக்கு முதல் தடவை போனபோது நான் பயந்தது அப்படியே நடந்தது. எங்கள் தெருவில் துணி தேய்ப்பவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "வாங்க, டீ எடுத்துக்குங்க" என்றார், அவ்வளவுதான். அவர் அங்கே இருப்பதற்கும் நான் அங்கே இருப்பதற்கும் காரணம் ஒன்றுதானே! வந்தவர் பெயரை வெளியே சொல்லாமல் காப்பது கூட்டத்தின் மரபு, சட்டம் அல்ல. அதனால் கசியவே கசியாது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நான் குடித்துவிட்டு வாசலில் விழுந்து கிடந்ததை ஏற்கெனவே பார்த்த தெரு அது.

மொழியையும் பார்க்க வேண்டும். சென்னையில் ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டங்களும் உண்டு, தமிழில் நடப்பவையும் உண்டு. ஆங்கிலக் கூட்டம் கௌரவமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். அப்பா காரியத்தன்றே குடித்துவிட்டு லேட்டாகப் போய் நின்றதை ஆங்கிலத்தில் எனக்குச் சொல்ல வரவில்லை. தமிழில் சொல்லி முடித்தபோது அழுதுவிட்டேன்.

ஓப்பன், க்ளோஸ்டு என்று இரண்டு வகை உண்டு. ஓப்பன் கூட்டத்துக்கு மனைவி, நண்பர், யார் வேண்டுமானாலும் கூட வரலாம். க்ளோஸ்டு, குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். தனியாகப் போகக் கால் வராதவர்கள் ஓப்பனில் தொடங்கட்டும். குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டார் தங்களுக்காகப் போக அல்-அனான் இருக்கிறது. 1951இல் தொடங்கிய அது தனி அமைப்பு.

ஜூம் கூட்டத்தை மட்டமாகப் பேச மாட்டேன். அறை முழுக்க ஆண்கள் இருக்கும் இடத்தில் தனியாக உட்காரத் தயங்கும் பெண்ணுக்கு, பெண்கள் மட்டும் கூடும் ஆன்லைன் கூட்டம் பெரிய வரம். நைட் ஷிப்ட்காரருக்கும் அது தோது. ஆனால் கேமராவை அணைத்துவிட்டு, டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கலந்துகொண்டவனும் நான்தான். நேரில் போனால் பக்கத்து நாற்காலிக்காரருக்கு வாடையே காட்டிக்கொடுத்துவிடும்.

ஏஏவின் படிகளில் கடவுள், நமக்கு மேலான சக்தி என்றெல்லாம் வரும். "கடவுள் பேச்சு ஒத்துவராது" என்பவர்கள் இரண்டு மூன்று குரூப்பைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம். ஒன்றில் பிரார்த்தனை தூக்கலாக இருக்கும், இன்னொன்றில் பேச்சுதான் முக்கியம். எங்கள் குரூப்பில் ஒரு கறுப்புச் சட்டைக்காரர், "எனக்கு மேலான சக்தி இந்தக் கூட்டம்தான்" என்று சொல்லிவிட்டு டீ ஊற்றப் போய்விடுவார்.

மருத்துவமனையா, ஏஏவா என்ற கேள்வியைப் போட்டியாகவே பார்க்கக் கூடாது. தினமும் அதிகமாகக் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கத்தோடு போகாது. வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் பிதற்றலும் பிரமையும் வரலாம், உயிரே போகலாம். கூட்டத்தில் டாக்டர் கிடையாது. அதனால் முதலில் ஆஸ்பத்திரி. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய அமைப்பின் டிடிகே மருத்துவமனை போன்ற இடங்களில் வீட்டாருக்கும் ஆலோசனை உண்டு. ஆனால் சிகிச்சை ஒரு நாள் முடிந்து டிஸ்சார்ஜ் ஆகிவிடும். அப்புறம் வரும் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்கு என்ன வழி? ஏஏ அதற்குத்தான். கட்டணம் இல்லை. பை சுற்றி வரும், முடிந்ததைப் போடலாம், போடாமலும் இருக்கலாம்.

வெறும் நம்பிக்கைதானா என்பவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2020 ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எடுத்துப் பார்த்தது. ஏஏவுக்குள் கொண்டுசேர்க்கும் சிகிச்சை பெற்றவர்களில் ஒரு வருடம் கழித்தும் தொடாமல் இருந்தவர்கள் 42 சதவீதம். மற்ற சிகிச்சைகளில் 35. பிரமாதமான வித்தியாசம் இல்லை, ஆனால் இலவசக் கூட்டத்தை நம்பி நிற்கும் வழிக்கு இது குறைவும் இல்லை.

கூட்டம் எங்கே என்று தெரிய ஏஏ இணையதளத்தைப் பார்க்கலாம், போதை மறுவாழ்வு வார்டுகளில் விசாரிக்கலாம். 14446 என்ற கட்டணமில்லா போதை மீட்பு உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். கிளம்பும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். பள்ளிக்கூட அறையில் நடக்கும் கூட்டம் பரீட்சை சமயத்தில் இடம் மாறியிருக்கும். பூட்டிய கேட்டின் முன்னால் நிற்பது புதியவருக்கு நல்லதில்லை.

இப்போது எங்கள் தெருமுனைக் கூட்டத்தின் அறைச் சாவி என்னிடம். ஆறரைக்குப் போய் பெஞ்சுகளை நகர்த்திப் போடுவேன். போன மாதம் புதிதாக ஒருவர் வந்தார், இரண்டு பஸ் மாறி. அவர் வீட்டுப் பக்கமே ஒரு குரூப் உண்டு. இன்னும் சொல்லவில்லை. ஐந்தாவது வாரத்துக்குள் சொல்லிவிட வேண்டும்.