முத்தின ஆட்டுக்கறி: குக்கரா, சிறு தீயா, பப்பாளிக்காயா?

ஆட்டுத் தொடைக்கறியை நாருக்குக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெட்டிய இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் சிறு சிறு கட்டங்களாகத் தெரியும். தசைநார்களைக் கற்றை கற்றையாகச் சுற்றியிருக்கும் பெரிமைசியம் அதுதான். ஒவ்வொரு நாரையும் தனித்தனியே போர்த்தியிருக்கும் எண்டோமைசியம் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெல்லியது. தசை முழுவதையும் மூடும் தடித்த வெள்ளை ஜவ்வு எபிமைசியம். அதைக் கத்தியால் உரித்துவிடலாம். ஆக, கறி மெத்தென்று வருவது பெரும்பாலும் பெரிமைசியத்தின் கையில்தான் இருக்கிறது.

இந்த உறைகளில் முக்கியமாக இருப்பது கொலாஜன் என்ற புரதம். ஆட்டுக்கு வயதாக ஆக அதன் இழைகளுக்கு இடையிலான பிணைப்புகள் இறுகிவிடும். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் கொலாஜன் சுருங்கி, நாரிலிருந்து சாற்றைப் பிழிகிறது. அரைவேக்காட்டுக் கறி ரப்பர் மாதிரி இழுப்பது இதனால்தான். சூடு இன்னும் ஏறி, நீடித்தால் மட்டுமே அது பிசுபிசுப்பான ஜெலட்டினாகக் கரையும்.

குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரியை நெருங்குவதால் வேலை சீக்கிரம் முடிகிறது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, முத்தின கறிக்கு 25 முதல் 30 நிமிடம் வையுங்கள். இளங்கறிக்கு 12 முதல் 15 போதும். விசில் எண்ணிக்கையை நம்ப வேண்டாம்; தீயும் தண்ணீரும் மாறினால் அதுவும் மாறும். வெந்த கையோடு வெயிட்டைத் தூக்கவும் கூடாது. அழுத்தம் சட்டென்று இறங்கினால் கறிக்குள் இருக்கும் சாறு கொதித்து வெளியேறி, நார் வறண்டுவிடும்.

சிறு தீயில், மூடிய பாத்திரத்தில், தளதளவென்று கொதிக்கவிடாமல் வேகவைத்தால் 2 முதல் 3 மணி நேரம் பிடிக்கும். முன்னங்காலுக்கும் நல்லிக்கும் இதை மிஞ்ச வேறு வழி இல்லை: கரைந்த ஜெலட்டின் குழம்பைத் தானே கெட்டியாக்கும், பதத்தையும் அவ்வப்போது அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

பப்பாளிக்காயைப் பலர் அளவுக்கு மீறி நம்புகிறார்கள். அதிலுள்ள பப்பெயின் என்ற நொதி (புரதத்தை அறுக்கும் பொருள்), சூட்டில் அவிழாத கொலாஜனை அவ்வளவாகத் தொடாது, தசைநாரைத்தான் அறுக்கும். சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே இறங்கவும் இறங்காது. இரவு முழுக்க ஊறவைத்த கறி மேலே கூழாகி, உள்ளே ஜவ்வாகவே இருப்பது இப்படித்தான். மெல்லிய துண்டுகளுக்கு மட்டும், கிலோவுக்கு 1 மேசைக்கரண்டி விழுது, அரை மணி நேரம் போதும்.

முத்தின தொடைக்கறியில் சுக்கா போட வேண்டுமானால் பப்பாளியை விட்டுவிட்டு, குக்கரில் குறைந்த தண்ணீரில் வேகவைத்து, பிறகு சட்டியில் வறட்டுங்கள். கழுத்துக்கறியில் மஞ்சளாக ஓடும் தடித்த நாரை மட்டும் முன்பே வெட்டி எடுத்துவிட வேண்டும். அது எலாஸ்டின் என்ற வேறொரு புரதம், இந்த மூன்று முறையிலும் கரையாது.